கேட் போனால் உள்ளே இருப்பதைத் தட்டி எடுத்துவிடலாமா?

குரோம்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டது இது. கேட் என்றால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், எஞ்சினிலிருந்து வரும் புகையைச் சுத்தம் செய்ய எக்ஸாஸ்ட் குழாயில் இருக்கும் டப்பா. 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், பிஎஸ் 4 (பாரத் ஸ்டேஜ் 4 புகை வரம்பு) வண்டி, 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாகச் செக் எஞ்சின் லைட் எரிகிறது. ஸ்கேனரில் பி0420 என்ற எரர் கோடு (கோளாறு எண்) வருகிறது. பெட்ரோல் பங்க்கில் புகைச் சான்றிதழ் எடுக்கப் போனால் கார்பன் மோனாக்சைடு 0.84 சதவீதம், ஹைட்ரோகார்பன் (எரியாத பெட்ரோல்) 265 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 265 பங்கு என்று காட்டி, பெயில் என்று அனுப்பிவிட்டார்கள். மெக்கானிக் சொன்ன வழி: "கேட் போயிடுச்சு சார். புதுசு போட்டா வண்டி விலையில பாதி ஆயிடும். உள்ள இருக்கிற சல்லடையைத் தட்டி எடுத்துட்டு, பின்னாடி சென்சாருக்கு ஒரு அடாப்டர் போட்டா லைட் வராது." அப்படிச் செய்யலாமா, இல்லை புதிதாகவே போட்டுவிடுவதா, போட்டால் எதைப் போடுவது, அடுத்த மாதம் குடும்பத்தோடு திருநெல்வேலிக்கு இதே வண்டியில் போகலாமா?

தட்டி எடுக்க வேண்டாம். புதிதும் இப்போதே போட வேண்டாம். கேட் ஏன் போனது என்று தெரியாமல் ஸ்பேனரைக் கையில் எடுக்கவே கூடாது. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் வந்த வண்டிகளில் வயதாகிச் செத்த கேட் குறைவுதான். பெரும்பாலும் எஞ்சினில் இருக்கும் வேறொரு கோளாறு அதைக் கொன்றிருக்கும். அந்தக் கோளாறை விட்டுவிட்டுப் புதிது போட்டால், அதையும் கொல்லும்.

முதலில் அந்த பி0420 என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கேட்டின் உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் துண்டு இருக்கிறது. அதன் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் எரித்து முடிப்பது, நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிரித்து வெறும் நைட்ரஜனாக்குவது, இரண்டும் அதன் வேலை. ஒன்றுக்கு ஆக்சிஜன் வேண்டும், மற்றொன்றில் ஆக்சிஜன் மிஞ்சும். அதனால் பூச்சில் சீரியம் ஆக்சைடையும் கலந்திருப்பார்கள். அது ஆக்சிஜனைக் கொஞ்சம் பிடித்து வைத்து, தேவைப்படும்போது விட்டுக்கொடுக்கும். கேட்டுக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்கும். கேட் நன்றாக இருந்தால் பின் சென்சார் 0.6, 0.7 அருகே பெரிய ஆட்டமில்லாமல் நிற்கும். பின் சென்சாரும் முன் சென்சார் மாதிரியே ஆட ஆரம்பித்தால், பிடித்து வைக்கும் சக்தி போய்விட்டது என்று எஞ்சினின் கம்ப்யூட்டரான இசியு முடிவு செய்து பி0420 போடும். ஆக, இந்தக் கோடு புகையை அளந்து வருவதில்லை. இரண்டு சென்சார்களை ஒப்பிட்டுப் பார்த்து வருகிறது. நடுவில் எக்ஸாஸ்ட் லீக் இருந்தாலோ, பின் சென்சாரே கெட்டிருந்தாலோ இதே கோடு வரலாம். சில வண்டிகளில் முன்னால் வைட்பேண்ட் சென்சார் இருக்கும். அதில் இந்த ஏற்ற இறக்கம் தெரியாது, அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் புகை டெஸ்ட்டும் பெயில் என்பதால் பிரச்சினை நிஜம். ஆனால் அது கேட்டில்தானா? அந்த டெஸ்ட் சீட்டை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் பாஸ், பெயில் மட்டும் பார்த்துவிட்டு அதை டேஷ்போர்டில் திணித்துவிடுகிறார்கள். பிஎஸ் 4 பெட்ரோல் வண்டிக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். அப்புறம் எஞ்சினை 2,500 ஆர்பிஎம் அருகே வைத்து இன்னொரு அளவு எடுப்பார்கள். அதில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள், லாம்டா 0.97க்கும் 1.03க்கும் நடுவே. எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் கலக்கின்றன என்பதைச் சொல்வது லாம்டா, 1 என்றால் சரியான கலவை. இந்த லாம்டாதான் எனக்கு முக்கியம். அது 0.95 என்று இருந்தால் எஞ்சின் பெட்ரோலை அதிகமாகக் குடிக்கிறது. இன்ஜெக்டர் ஒழுகலாம், முன் சென்சார் மந்தமாகியிருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியில் புது கேட் போட்டாலும் 0.84 அவ்வளவாக இறங்காது. லாம்டா 1.00 என்று சரியாக இருந்து கார்பன் மோனாக்சைடு மட்டும் ஏறியிருந்தால் சந்தேகம் கேட் மேல் திரும்பும். லாம்டா 1.06 என்று போனால் எங்கோ வெளிக்காற்று உள்ளே வருகிறது, அநேகமாக எக்ஸாஸ்ட் கேஸ்கெட்.

இன்னொன்று, வண்டியைச் சூடாக்காமல் டெஸ்ட்டுக்குப் போயிருந்தால் அந்த அளவையே நம்ப முடியாது. கேட் 250, 300 டிகிரிக்கு மேல் போன பிறகுதான் வேலையை ஆரம்பிக்கும். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் பங்க்குக்கு ஓட்டிப்போய், வரிசையில் பத்து நிமிடம் எஞ்சினை அணைத்து வைத்துவிட்டு டெஸ்ட் எடுத்தால் நல்ல வண்டியும் தோற்கும். ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு இருபது நிமிடம் ஓட்டிவிட்டு நேராக உள்ளே போங்கள்.

சரி, கேட்டைக் கொல்பவர்கள் யார் யார்?

முதல் குற்றவாளி மிஸ்ஃபயர். ஒரு பிளக் அல்லது இக்னிஷன் காயில் விட்டு விட்டு அடித்தால் எரியாத பெட்ரோல் நேராகக் கேட்டுக்குள் போய் அங்கே எரியும். உள்ளே சூடு 1,000 டிகிரியைத் தாண்டும். தேன்கூடு உருகி ஒட்டிக்கொள்ளும். செக் எஞ்சின் லைட் நிலையாக எரியாமல் மினுக் மினுக் என்று மின்னுவது இதற்குத்தான். கேட்டைக் கெடுக்கும் அளவு மிஸ்ஃபயர் இப்போது நடக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் ஓரம் கட்டுவதுதான் புத்தி. "வீடு வரைக்கும் போயிடலாம்" என்று கிண்டியிலிருந்து தாம்பரம் வரை மின்ன மின்ன ஓட்டி வந்து, ஒரு காயில் விலையில் முடிய வேண்டியதைக் கேட் வரை இழுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது ஆயில். எஞ்சின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கப் பாஸ்பரஸும் துத்தநாகமும் சேர்த்திருப்பார்கள். எஞ்சின் ஆயில் குடித்தால் அவை சாம்பலாகிப் பூச்சின் மேல் படிந்து மூடிவிடும். இதில் நானே சூடு பட்டிருக்கிறேன். வேளச்சேரியிலிருந்து வந்த ஒரு செடானுக்கு ஒரிஜினல் கேட் வாங்கிப் போட்டு, லைட் அணைந்ததும் பெருமையாக அனுப்பி வைத்தேன். நான்கு மாதத்தில் அதே பி0420. டிப்ஸ்டிக்கை இழுத்தால் நுனியில்கூட ஆயில் இல்லை. வால்வு சீல் போயிருந்தது. முதல் தடவையே அவரிடம் "ஆயில் டாப் அப் செய்கிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இரண்டாவது கேட்டுக்குப் பாதிப் பணம் நான் கொடுத்தேன். அன்றிலிருந்து முதல் கேள்வியே ஆயில்தான். 96,000 ஓடிய உங்கள் வண்டிக்கும் அதே கேள்வி: ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவே எவ்வளவு ஆயில் ஊற்றுகிறீர்கள்? அதேபோல, கூலன்ட் தானாகக் குறைகிறதா? ஹெட் கேஸ்கெட் வழியாக எரிந்துபோகும் கூலன்ட்டும் பூச்சைக் கெடுக்கும்.

மூன்றாவது நம் ஊருக்கே உரியது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தெருவில் நின்ற தண்ணீரை மறந்திருக்க மாட்டீர்கள். சூடாக இருக்கும் பீங்கான் திடீரென்று முழங்கால் தண்ணீரில் முங்கினால் விரிசல் விடலாம். விரிசல் விட்ட துண்டு நாளாக நாளாக உடைந்து, ஓடுக்குள் கலகலவென்று ஆடும். குளிர்ந்த எஞ்சினில் ரப்பர் சுத்தியலால் கேட்டின் ஓட்டைத் தட்டிப் பாருங்கள். டப்பாவில் கல் போட்டு ஆட்டியது மாதிரி சத்தம் வந்தால் வேறு சோதனையே தேவையில்லை. அளவு தெரியாத ஸ்பீட் பிரேக்கரில் அடி வாங்கி நசுங்கியதற்கும் இதே கதி.

சத்தம் இல்லை, ஆனால் வண்டி இழுக்கவில்லை, மூன்றாவது கியரில் திணறுகிறது என்றால் அடைப்பு இருக்கலாம். முன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டி 2,500 ஆர்பிஎம்மில் பார்த்தால் 3 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது. நல்ல பட்டறைகளில் இந்தக் கேஜ் இருக்கும். இல்லாத இடத்தில் "அடைச்சிருக்கு சார்" என்பது வெறும் ஊகம். கேட் கிளீனர் என்று டேங்கில் ஊற்றும் பாட்டில்களைப் பற்றியும் கேட்பார்கள். உருகியதையும் உடைந்ததையும் எந்தப் பாட்டிலும் ஒட்டவைக்காது. அந்தப் பணத்துக்கு நான்கு பிளக் வாங்குங்கள்.

இனி அந்தச் சல்லடை யோசனை. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டால் கார்பன் மோனாக்சைடைக் குறைக்க எதுவும் மிச்சமில்லை. இப்போது 0.84 வருகிற வண்டி அதற்குப் பிறகு 0.3க்குள் எப்படி வரும்? பின் சென்சாரை ஏமாற்றும் அடாப்டர் லைட்டை மட்டும்தான் அணைக்கும். பங்க்கில் இருக்கும் மெஷின் சைலன்சரின் வாலில் குழாயை விட்டு நேராகப் புகையை எடுக்கிறது, அதற்கு உங்கள் அடாப்டரைப் பற்றிக் கவலையில்லை. அதாவது மெக்கானிக் சொன்ன வழியில் போனால் லைட் வராது, சான்றிதழும் வராது. "தெரிஞ்ச இடத்துல எடுத்துக்கலாம்" என்பது அடுத்த வசனமாக வரும். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவுப்படி, காற்று மாசு வரம்பை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். லைசென்ஸையும் மூன்று மாதம் நிறுத்தி வைக்க இடமிருக்கிறது. 2019 திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது. மாட்டிக்கொண்டால் பொறுப்பு உங்களுடையது, அடாப்டர் போட்டவருடையது இல்லை. உங்கள் வண்டி 2014 மாடல் என்பதால் இன்னும் சில வருடத்தில் 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓவில் நிறுத்த வேண்டியிருக்கும். கேட் இல்லாத வண்டியை அன்றைக்கு என்ன செய்வீர்கள்?

ஒரு சின்னக் கிளைக்கதை. இந்த கேட் நமக்குப் புதிதில்லை. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. அதற்காகவே ஈயம் இல்லாத பெட்ரோலும் வந்தது. ஈயம் பூச்சின் மேல் படிந்தால் கேட் அவ்வளவுதான் என்பது காரணம். நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 2000இல்தான். நடுவில் அந்த ஐந்து வருடம் புதுக் கார் வைத்திருந்தவர்கள் வெளியூர் போகும்போது எந்த பங்க்கில் எது கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டே போனார்கள். இப்போது அந்தத் தொல்லை இல்லை.

எல்லாம் பார்த்தாயிற்று, காரணத்தையும் சரி செய்தாயிற்று, கேட்தான் போயிருக்கிறது என்றால் எதை வாங்குவது? முதலில் வண்டியோடு வந்த புத்தகத்தில் எமிஷன் வாரன்டி பக்கத்தைப் பாருங்கள். உங்களுக்கு அது முடிந்திருக்கும், ஆனால் புது வண்டி வைத்திருக்கும் உங்கள் தம்பிக்கோ மாமாவுக்கோ அது பயன்படும். அப்புறம் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனி டீலரிடம் ஒரிஜினல் விலையைக் கேளுங்கள். பல சின்ன கார்களில் கேட் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோடு ஒட்டியே வரும், அதனால் விலை கூடும். பல்லாயிரம் ரூபாய் சொல்வார்கள், மயக்கம் போட வேண்டாம். விலை கேட்காமலேயே "வண்டி விலையில் பாதி" என்று நம்பிவிடவும் வேண்டாம். நான் போடச் சொல்வது இதைத்தான். உங்கள் எஞ்சினுக்கும் பிஎஸ் 4 வரம்புக்கும் சோதித்துச் செய்தது இது ஒன்றுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

ஜி.பி. ரோட்டில் ஒரிஜினல் அல்லாத புது கேட்களும் கிடைக்கும். எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெளியே பளபளவென்று இருக்கும் ஓட்டுக்குள்ளே எவ்வளவு பூச்சு இருக்கிறது என்று யாருக்கும் கண்ணால் தெரியாது. விலையுயர்ந்த உலோகத்தைக் குறைத்துப் பூசினால் பங்க்கில் ஒரு தடவை பாஸாகும், ஆறு மாதத்தில் பி0420 திரும்ப வரும். வாங்கினால் எந்த பிஎஸ் நிலைக்குச் செய்தது என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், சோதனைச் சான்று கேளுங்கள், கிலோமீட்டர் வாரன்டி கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அந்தக் கடையை விட்டு வாருங்கள். யூடியூபில் அமெரிக்கர்கள் வேறு கம்பெனி கேட்டைச் சர்வ சாதாரணமாக மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கலிபோர்னியாவில் அதற்கு அரசு அனுமதி எண் ஓட்டின் மேலேயே பொறித்திருக்க வேண்டும், ஐரோப்பாவிலும் மாற்று கேட்டுக்குத் தனி அங்கீகாரக் குறி உண்டு. வீடியோவில் அந்த எண்ணைக் காட்ட மாட்டார்கள், அதனால் நமக்கு அது தெரிவதில்லை.

புதுப்பேட்டையில் கழற்றிய கேட் வாங்குவதைப் பற்றி என் கருத்து சுருக்கமானது: வேண்டாம். அது எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டி ஆயில் குடித்ததா, பிஎஸ் 3 வண்டியின் கேட்டா, எதுவும் தெரியாது. திருட்டுப் பொருளாக இருந்தால் அது வேறு தலைவலி. உள்ளே இருக்கும் உலோகத்துக்காகவே கேட்டைத் திருடுபவர்கள் இருக்கிறார்கள்.

மாட்டும்போது பக்கத்தில் நிற்க முடிந்தால் நில்லுங்கள். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சென்சாரைக் கழற்ற 22 எம்எம் வாய் பிளந்த சாக்கெட் வேண்டும், சாதாரண ஓப்பன் ஸ்பேனரை வைத்து முறுக்கினால் தலை போய்விடும். முதல் நாளே பெனட்ரேட்டிங் ஆயில் அடித்து ஊறவிட்டால் நல்லது. புது கேஸ்கெட், புது நட் கட்டாயம். பழைய கேஸ்கெட்டுக்குச் சிலிக்கான் பேஸ்ட் பூசி ஒப்பேற்றுபவர்களைத் தடுத்து நிறுத்துங்கள், அதன் ஆவி சென்சாரையே கெடுத்துவிடும். கேட்டின் மேல் அம்புக்குறி இருந்தால் அது சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். வெல்டிங் பட்டறையில் ஒட்டவைப்பதாக இருந்தால் அதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள். ஹீட் ஷீல்டைத் திரும்ப மாட்டினார்களா என்று குனிந்து பாருங்கள். "அது சத்தம் போடும் சார், தேவையில்லை" என்று ஓரமாக வீசிவிடுவார்கள். காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தும்போதுதான் அது எதற்கு என்று புரியும்.

பழைய கேட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செத்த கேட்டிலும் பிளாட்டினமும் பல்லேடியமும் அப்படியேதான் இருக்கின்றன, அதற்கு விலை உண்டு. பட்டறையில் விட்டுவிட்டு வந்தால் அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. பட்டறைக்காரன் நானே சொல்கிறேன்.

மாட்டி முடித்ததும் ஸ்கேனரில் எரர் கோடை அழித்துவிட்டு நேராகப் புகை டெஸ்ட்டுக்கு ஓடாதீர்கள். கோடு அழித்தவுடன் இசியு எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து தொடங்கும். ஸ்கேனரில் ரெடினஸ் என்று ஒரு பக்கம் இருக்கும், அதில் கேட்டலிஸ்ட் என்பதற்கு எதிரே முடிந்தது என்று வரும் வரை ஓட்டுங்கள். ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஓட்டினால் அது லேசில் முடியாது. காலையில் வண்டலூர் வெளிவட்டச் சாலையில் ஒரே வேகத்தில் இருபது, முப்பது நிமிடம் ஓட்டினால் சீக்கிரம் முடியும். அதன் பிறகும் பி0420 வரவில்லை என்றால் வேலை சரியாக நடந்திருக்கிறது. சூட்டோடு போய்ச் சான்றிதழ் எடுங்கள். பிஎஸ் 4 வண்டிக்கு அது ஒரு வருடம் செல்லும். சீட்டில் கார்பன் மோனாக்சைடு 0.3க்குப் பக்கத்தில் தொட்டுக்கொண்டு நின்றால் திருப்திப்பட வேண்டாம். நல்ல கேட் போட்ட, சரியாக ஓடும் எஞ்சினில் அது 0.1க்குக் கீழேயே வரும்.

திருநெல்வேலிக்கு? லைட் நிலையாக எரிகிறது, வண்டி இழுக்கிறது, தட்டினால் சத்தம் இல்லை, ஆயிலும் கூலன்ட்டும் குறையவில்லை என்றால் எஞ்சினுக்கு ஆபத்தில்லை, ஆனால் புகைச் சான்றிதழ் இல்லாமல் 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறீர்கள். லைட் மின்னினாலோ, உள்ளே கலகலத்தாலோ அந்த வண்டியை எடுக்காதீர்கள். உடைந்த பீங்கான் நகர்ந்து வழியை அடைத்தால் விக்கிரவாண்டிக்கு அப்பால் எங்காவது குழந்தைகளோடு நிற்க வேண்டியிருக்கும். நெல்லை எக்ஸ்பிரஸ் எழும்பூரிலிருந்து ராத்திரி கிளம்புகிறது, இன்றைக்கே டிக்கெட் போட்டு வையுங்கள்.